உரசிணைப்பியா, விடுபற்றியா?

கிளிநொச்சிப் பக்கம் வாகனம் ஓட்டப் பழகும் ஒரு பெடியன் கையில் பயிற்சிக் குறிப்பு ஒன்றைப் பார்த்தேன். "உரசிணைப்பியை முழுமையாக அழுத்திய பின்னர் பல்லிணையை மாற்றுக" என்று போட்டிருந்தது. "இது என்ன சாமான் அண்ணை?" என்று கேட்டான். கிளச் என்றேன், சிரித்தான். இணையத்திலும் இந்த உரசிணைப்பியைக் கண்டு கண்டு அலுத்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தில் பெரிய சிக்கல் இல்லை. விரல்களை மடக்கி இறுகப் பிடிப்பதைக் குறித்த பழைய வினை அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயந்திரத்துக்குள் வந்தது. (கோழி அடைகாக்கும் முட்டைகளையும் ஆங்கிலத்தில் கிளச் என்பார்கள். அதன் வேர் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சரி, பொருளுக்கு வருவோம். எஞ்சின் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், சில்லோ சந்தியில் நிற்க வேண்டும். இரண்டையும் நிரந்தரமாகப் பூட்டிவிட்டால் வண்டி நிற்கும்போது எஞ்சினும் நின்றுவிடும். அதனால் எஞ்சினோடு சுழலும் கனத்த பறப்புச் சில்லுக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவில் ஒரு தட்டு. அதுதான் கிளச் பிளேட். வலுவான ஒரு வில் அதைப் பறப்புச் சில்லோடு சேர்த்து அமத்திப் பிடித்திருக்கிறது. மிதியை அழுத்தினால் வில்லின் பிடி தளர்ந்து தட்டு விடுபடும். அந்த நேரத்தில் கியரை மாற்றலாம். மிதியை மெல்ல விட்டால் தட்டு கொஞ்சம் வழுக்கி, வேகம் ஒத்துவந்ததும் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

இதில் உரசல் எங்கே இருக்கிறது? வண்டி கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும். ஏ9 வீதியில் பரந்தனிலிருந்து முறிகண்டி வரை நாலாம் கியரில் போகிற வண்டியில் தட்டும் பறப்புச் சில்லும் ஒன்றாகவே சுழலும். ஒன்றின்மேல் ஒன்று தேயாது. உராய்வு விசை உண்டு, உரசல் இல்லை. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகம் உராய்வு என்று அழகாகச் சொல்லித் தந்திருக்க, இந்தச் சொல்லை ஆக்கியவர்கள் ஏன் உரசலுக்குப் போனார்களோ தெரியவில்லை. ஓடும்போது தட்டு உரசினால் எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது, கருகல் மணம் வரும். கராச்சுக்குப் போய் "கிளச் உரசுது" என்று சொல்லிப் பாருங்கள், பிளேட் மாற்ற எவ்வளவு முடியும் என்று மெக்கானிக் கணக்குச் சொல்லத் தொடங்கிவிடுவார். பழுதின் பெயரை எடுத்துப் பாகத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, எல்லாக் கிளச்சும் உராய்வால் வேலை செய்வதில்லை. வன்னியில் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் தெரியாத வயல்காரர் இல்லை. அதன் கைபிடிகளில் இரண்டு சின்னப் பிடிகள் இருக்கும். இடதைப் பிடித்தால் இடது சில்லுக்குப் போகும் ஓட்டம் அறும், வலது சில்லு தள்ள வண்டி இடப்பக்கம் திரும்பும். அதுவும் கிளச்தான். ஆனால் பெரும்பாலான வண்டிகளில் உள்ளே இருப்பது பல்லோடு பல் கோர்த்துக் கழரும் அமைப்பு. உரசுவதற்கு அங்கே தட்டே கிடையாது. (குளக்கட்டால் இறங்கும்போது அதே இடது பிடியைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் திரும்பும். விடுபட்ட சில்லு தன்பாட்டில் உருள, மற்றதை எஞ்சின் பிடித்து வைத்திருக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் வாய்க்காலுக்குள் இறக்குவது இப்படித்தான்.) இதையும் உரசிணைப்பி என்பார்களா?

வெறும் "இணைப்பி" என்றால் தண்ணிக் குழாய் மூட்டும் இணைப்பி, வயர் மூட்டும் இணைப்பி. "பற்றி" என்று மட்டும் சொன்னால் "பற்றியைப் பற்றி" என்று எழுத வேண்டிவரும். எனக்குப் பிடித்தது விடுபற்றி. நான் ஆக்கியதல்ல, ஏற்கெனவே புழங்குகிற சொல். விடுவதும் பற்றுவதும் இரண்டும் அதில் இருக்கின்றன. இந்தக் கருவிக்கு அந்த இரண்டும் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் நாங்கள் மோட்டார் சைக்கிளில் "கிளச்சைப் பிடி" என்னும்போது கைதான் பிடிக்கிறது, உள்ளே தட்டு விடுகிறது. "கிளச்சை விடு" என்றால் தட்டு பற்றுகிறது. பழகுகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். விடுபற்றி என்ற சொல் அந்த இரட்டை வேலையைத் தானே சொல்லிவிடும். "விடுபற்றியைப் பற்றி" என்று எழுதும்போது எனக்கும் கொஞ்சம் பல் கூசத்தான் செய்கிறது. பரவாயில்லை.

மொழிபெயர்ப்பாளர்களில் பலர் போனெற்றைத் திறந்து பார்க்காமலே பெயர் வைக்கிறார்கள். ஒருவர் போட்டதை அடுத்தவர் பிரதி பண்ண, மூன்றாமவர் அதையே ஆதாரம் என்கிறார். கியருக்குப் பற்சில்லு என்று எங்கள் ஆட்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் சொல்லிருக்க, அந்தக் குறிப்பில் பல்லிணை எங்கிருந்து வந்ததோ! தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, பற்றுச்சீட்டு என்று கடை கடையாகச் சொல்கிற ஊர் இது. ஆனால் சொல்லைக் கேட்டவுடன் பொருள் விளங்காவிட்டால் அது தூயதாக இருந்து என்ன பயன்? பயிற்சிக் குறிப்பு எழுதுகிறவர்கள் முதல் தரம் "விடுபற்றி, அதாவது கிளச்" என்று எழுதட்டும், மிதிக்கு விடுபற்றி மிதி என்று போடட்டும். கராச்சில் கிளச் என்றே கேளுங்கள், அங்கே வேறு சொல் எடுபடாது.