பிட்ச்: தரையா, பந்தா, வீச்சா?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஒருவர் பேஸ்பால் வீடியோ கேம் ஒன்றை முதன்முதலாகத் திறந்தால், கால் தடுக்குகிற முதல் சொல் ‘பிட்ச்’. நமக்கு பிட்ச் என்றால் தரை. சேப்பாக்கம் பிட்சில் பந்து சுழலும், பெர்த் பிட்சில் எகிறும். பேஸ்பாலில் பிட்ச் என்பது அடிப்பவரை நோக்கிப் போடப்படும் ஒவ்வொரு பந்தும். போடுகிறவர் பிட்சர். அவர் எந்த வகைப் பந்தை, எந்த வேகத்தில், எந்த மூலைக்கு, எதற்குப் பின் எதை என்று போடுகிறார் என்பதுதான் பிட்சிங் உத்தி. பேஸ்பால் கேம்களில் பாதி ஆட்டம் இதுதான். ஒரே சொல் ஓர் ஆட்டத்தில் தரையாகவும் இன்னோர் ஆட்டத்தில் பந்தாகவும் ஆனது எப்படி?

இடைக்கால ஆங்கிலத்தில் ‘பிச்சென்’ என்றொரு வினை இருந்தது. குத்தி நிறுத்துதல், ஊன்றுதல், நாட்டுதல் என்று பொருள். கூடாரத்துக்கு இன்றும் அதே வினைதான். நாம் கூடாரம் அடிக்கிறோம், அவர்கள் பிட்ச் செய்கிறார்கள். இரண்டுமே முளையை அறைவதிலிருந்து வந்தவை. கிரிக்கெட்டில் ஸ்டம்பு ஊன்றுவதற்கும் இந்த வினையே பயன்பட்டது. ஊன்றிய இரு முனைகளுக்கு இடைப்பட்ட நிலத்துக்கும் பிறகு அந்தப் பெயர் வந்தது. எறிதல் என்ற பொருளும் பழையதுதான், 14ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் வந்துவிட்டது. தாருக்குச் சொல்லும் பிட்ச், தண்ணீர்க் குடுவைக்குச் சொல்லும் பிட்சர் இரண்டுக்கும் இதனுடன் உறவில்லை. முதலாவது லத்தீனிலிருந்தும் இரண்டாவது பழைய பிரெஞ்சிலிருந்தும் வந்தவை.

கம்பை நாட்டுவதையும் பந்தை விடுவதையும் ஒரே வினை சுமப்பது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. இரண்டிலும் முக்கியம் இடம். இன்ன இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்று குறி வைத்துச் செய்கிற செயல் அது. வெறுமனே வீசியடிப்பது வேறு. இந்த வேறுபாடு பேஸ்பாலின் பழைய சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் 1845இல் எழுதிய விதிகளில், பந்தை மட்டைக்கு பிட்ச் செய்ய வேண்டும், எறியக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. கையைத் தாழ்த்தி, முழங்கையை மடக்காமல், கீழிருந்து மெல்ல விடுவதுதான் அன்றைய பிட்ச். அடிப்பவர் அடிக்கத் தோதாகப் பந்து கொடுப்பதே பிட்சரின் வேலை. இன்னும் வேடிக்கை, 1870களிலும் 80களின் பெரும்பகுதியிலும் ‘எனக்கு உயரமாகப் போடு’, ‘தாழ்வாகப் போடு’ என்று கேட்டு வாங்கும் உரிமை அடிப்பவருக்கு இருந்தது. 1887இல்தான் அந்த உரிமை போனது.

அதற்குள் பிட்சர்கள் சும்மா இருக்கவில்லை. கேண்டி கம்மிங்ஸ் என்பவர் சிறுவனாக இருந்தபோது கடற்கரையில் சிப்பி ஓடுகளை வீசி, அவை காற்றில் வளைந்து போவதைக் கண்டு, பந்தையும் அப்படி வளைக்கலாமே என்று பழகியதாகச் சொல்வார்கள். வளைபந்தைக் கண்டுபிடித்தவர் என்று பெரும்பாலும் அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். 1884இல் அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் அமைப்பான நேஷனல் லீக் தோளுக்கு மேலிருந்து போடவும் அனுமதித்தது. 1893இல் பிட்சர் நிற்கும் இடம் 60 அடி 6 அங்குலம், அதாவது ஏறக்குறைய பதினெட்டரை மீட்டர் தொலைவுக்குத் தள்ளப்பட்டது. இன்றும் அதே தொலைவுதான். ஆக, நாற்பத்தெட்டு ஆண்டுகளில் பரிமாறுகிறவர் எதிரியாகிவிட்டார். பெயர் மட்டும் மாறவில்லை.

கிரிக்கெட்காரர்களுக்கு ‘எறியக் கூடாது’ என்ற அந்த வரி பழகிய வரிதான். நம் ஆட்டத்தில் இன்றும் எறிதல் என்பது குற்றச்சாட்டு. 1995 டிசம்பரில் மெல்பர்ன் டெஸ்டில் முத்தையா முரளிதரனுக்கு நடுவர் டாரல் ஹேர் அடுத்தடுத்து நோ-பால் கொடுத்தது அந்தக் குற்றச்சாட்டில்தான். பேஸ்பால் அந்தத் தடையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கைவிட்டது. இன்றைய பிட்சர் முழங்கையை மடக்கி முழு பலத்தோடு எறிகிறார், அதையும் பிட்ச் என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, வீடியோ கேமுக்கு வருவோம். நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு 1983இல் வந்த பேஸ்பால் கேமில் திசைப் பொத்தானை அழுத்தி வேகப் பந்து, மெதுவான பந்து, வளைபந்து என்று மாற்றலாம். அவ்வளவுதான். 1986இல் நாம்கோ நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிலி ஸ்டேடியத்தில் பந்து கையை விட்ட பிறகும் அதைக் காற்றிலேயே திருப்பலாம். இயற்பியலுக்குப் பொருந்தாது, ஆனால் நண்பனைக் கடுப்பேற்ற அதைவிட நல்ல வழி கிடையாது. அப்புறம் கோல்ஃப் கேம்களில் இருப்பது போன்ற அளவுக்கோடு வந்தது. ஒருமுறை அழுத்தினால் பலம், மறுமுறை சரியான இடத்தில் நிறுத்தினால் துல்லியம். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலை வைத்து 2006 முதல் ஆண்டுதோறும் வரும் எம்எல்பி தி ஷோ என்ற கேம் வரிசை, 2021இல் ‘பின்பாயிண்ட்’ என்ற முறையைச் சேர்த்தது. ஒவ்வொரு வகைப் பந்துக்கும் திரையில் ஒரு கோட்டு வடிவம் வரும். கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலரின் வலது குச்சியால் அதை அப்படியே வரைந்து, பிட்சரின் கை பந்தை விடும் கணத்தில் கோட்டை முடிக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் பந்து குறி வைத்த இடத்துக்குப் போகாது.

இந்த மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால், கேம் வடிவமைப்பாளர்கள் ஒரு கேள்விக்கு மேல் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொண்டு வந்தது தெரியும். முதலில் ‘என்ன போடுகிறாய்’ என்று கேட்டார்கள். பிறகு ‘எங்கே போடுகிறாய்’. இப்போது ‘நினைத்த இடத்தில் போட முடிகிறதா’. பழைய வினையின் பொருள் இந்த மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது.

ஓர் அடிப்பவரை எடுத்துக்கொண்டு, உத்தி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். எதிரில் வலக்கை ஆட்டக்காரர். நம் பிட்சரிடம் மணிக்கு 95 மைல் வேகப் பந்து ஒன்றும், அதே கை அசைவில் 85 மைலில் வரும் சேஞ்சப் ஒன்றும், கடைசியில் பக்கவாட்டில் விலகும் ஸ்லைடர் ஒன்றும் இருக்கின்றன. சேஞ்சப் என்பது நம் கிரிக்கெட்டின் ‘ஸ்லோயர் பால்’தான். வேகப் பந்து அடிப்பவருக்குப் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் தட்டை (ஹோம் பிளேட்) அடைய ஒரு வினாடியில் பத்தில் நான்கு பங்கு ஆகும். சேஞ்சப் அதைவிட ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு வினாடி தாமதமாக வரும். மட்டை காற்றைக் கிழிப்பதா, பந்தைக் கிழிப்பதா என்பதை இந்த இருபதில் ஒரு பங்குதான் முடிவுசெய்கிறது.

முதல் வீச்சு, வேகப் பந்து, உடம்பை ஒட்டி மேலே. அடிப்பவர் சுழற்றுகிறார், பந்து மட்டையில் பட்டு வலப்பக்கமாக ஃபவுல், அதாவது மைதானக் கோட்டுக்கு வெளியே, போகிறது. இங்கே நின்று யோசிக்க வேண்டும். வலக்கை ஆட்டக்காரரின் ஃபவுல் வலப்பக்கம் போனால் மட்டை தாமதமாக வந்திருக்கிறது என்று பொருள். நம் வேகம் அவருக்குக் கடினமாக இருக்கிறது. புதிதாக விளையாடுகிறவர் இந்த இடத்தில் ‘வேகத்துக்கு அடுத்து மெதுவு’ என்று சேஞ்சப்பை எடுப்பார். தாமதமாகச் சுழற்றுகிறவருக்கு மெதுவான பந்து போடுவது அவருடைய தவறை நாமே திருத்திக் கொடுப்பது மாதிரி. இன்னொரு வேகப் பந்துதான் சரி, இன்னும் கொஞ்சம் மேலே.

அதுவும் ஃபவுல், ஆனால் இம்முறை நேராகப் பின்னால் போனது. இப்போது நேரம் பிடித்துவிட்டார். இந்த இரண்டு ஃபவுலும் அடிப்பவருக்கு எதிராக இரண்டு ஸ்ட்ரைக்காக விழுந்தாயிற்று, மூன்றானால் அவுட். அடுத்த பந்துக்குக் கொஞ்சம் சீக்கிரமே மட்டையை எடுப்பார். சேஞ்சப்புக்கான வேளை இது. வெளிப்பக்கம், முழங்காலுக்குக் கீழே. ஸ்ட்ரைக் எல்லைக்குள், அதாவது தட்டுக்கு மேலே அடிக்கத்தக்க உயரத்தில் உள்ள கற்பனைக் கட்டத்துக்குள், விழ வேண்டிய அவசியம்கூட இல்லை, உள்ளே விழுவது போலத் தோன்றினால் போதும். உடம்பை ஒட்டி வரும் பந்தைத் தட்டுக்கு முன்னாலேயே சந்திக்க வேண்டும். வெளிப்பந்தைச் சற்றுத் தாமதித்துச் சந்திக்கலாம். அதனால் உள்ளே-மேலே-வேகம் என்பதற்குப் பின் வெளியே-கீழே-மெதுவு என்று வந்தால், வேக வித்தியாசம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். ஆள் வெறுங்காற்றை அடிப்பார். அல்லது, நம் குச்சிக் கோடு கோணிப்போய் பந்து நடுவில் தொங்கி, கேலரிக்குப் பறக்கும். உத்தி சரியாக இருந்தும் அடி வாங்குவது இந்த ஆட்டத்தில் சகஜம். அது எரிச்சலாக இருந்தாலும் நியாயமாகத்தான் எனக்குப் படுகிறது.

எதிரில் கணினியா, மனிதரா என்பதைப் பொறுத்தும் உத்தி மாறும். கடினமான நிலைகளில் கணினி பொறுமைசாலி, எல்லைக்கு வெளியே போகும் பந்துகளை அனேகமாக விட்டுவிடும். இணையத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதருக்குப் பொறுமை குறைவு, பெருமை அதிகம். போன முறை எந்தப் பந்தில் அவுட் ஆனாரோ அதையே இந்த முறை அடித்துக் காட்ட வேண்டும் என்று காத்திருப்பார். அந்தப் பந்தை எல்லைக்கு வெளியே ஒருமுறை காட்டினால் போதும், பாய்ந்துவிடுவார். பிட்சரின் களைப்பையும் தி ஷோ கணக்கில் வைக்கிறது. ஒரு வகைப் பந்து அடி வாங்கினால் அதன் மீது அவருக்கு இருக்கும் நம்பிக்கை குறைந்து, குறியும் தளரும். ஒரே பந்தை விடாப்பிடியாகப் போடுகிறவர்களுக்கு அது வைக்கும் ஆப்பு இது.

இந்த வரிசைப்படுத்தலுக்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் பெயர் அழகானது. ‘ஹைக்யூ’ என்பார்கள், நேர்ப்பொருள் ‘பந்துகளைப் பகிர்ந்தளித்தல்’. கைப்பந்தாட்டத்துக்கும் இதே ஒலியில் வேறு எழுத்துக்களில் ஒரு சொல் இருப்பதால் காதால் மட்டும் கேட்டால் குழப்பம் வரும். சொல்லாக்கத்தில் அவர்கள் ஒருமுறை அளவு மீறியதும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது எதிரியின் மொழி என்று ஆங்கிலச் சொற்களை ஒதுக்கி, ஸ்ட்ரைக்குக்கு ‘யோஷி’, அதாவது ‘நல்லது’ என்றும், எல்லைக்கு வெளியே போய் அடிக்காமல் விடப்பட்ட ‘பால்’ என்பதற்கு ‘தமே’, அதாவது ‘கூடாது’ என்றும் நடுவர்களைச் சொல்ல வைத்தார்கள். போர் முடிந்ததும் ‘ஸ்ட்ரைக்கு’ திரும்பி வந்துவிட்டது. ஆனால் ஹைக்யூ போன்ற சொற்கள் எந்தக் கட்டாயமும் இல்லாமல் நிலைத்திருக்கின்றன.

தமிழில் என்ன சொல்லலாம்? பேஸ்பாலுக்கு அடிபந்தாட்டம் என்ற பெயர் எழுத்தில் இருக்கிறது, பேச்சில் பேஸ்பால்தான். பிட்ச்சுக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘எறிதல்’. எனக்கு அதில் இரண்டு தயக்கங்கள். தடுப்பாளர்கள் பந்தைத் திருப்பி அனுப்புவதும் எறிதல்தான். பேஸ்பாலில் அது வேறு செயல், அதற்கு வேறு விதிகள். இரண்டாவது, தமிழில் எறிதல் எப்போதுமே கொஞ்சம் முரட்டுச் சொல். கல்லெறிகிறோம், குப்பையை எறிகிறோம். புறநானூற்றில் களிறு எறிதல் என்றால் யானையை வெட்டி வீழ்த்துவது. குறிபார்த்து ஓர் இடத்தில் சேர்ப்பது என்ற சாயல் அதில் இல்லை.

‘பந்து’ என்றே சொல்லலாமா? கிரிக்கெட்டில் சொல்கிறோமே, ஓவரின் மூன்றாவது பந்து என்று. பேஸ்பாலில் இது வம்பு. அங்கே எல்லைக்கு வெளியே போய், அடிப்பவரும் சுழற்றாமல் விட்ட பிட்ச்சுக்குப் பெயரே ‘பால்’. மூன்றாவது பந்து என்று எழுதினால், மூன்றாவதாகப் போட்டதா, மூன்றாவது பாலா என்று வாசகர் தலையைச் சொறிவார்.

மிஞ்சுவது ‘வீச்சு’. பந்துவீச்சு, பந்துவீச்சாளர் என்று கிரிக்கெட் வழியாக ஏற்கெனவே காதில் ஏறிய சொல். பவுலிங்குக்கு உரியதை பிட்சிங்குக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாகக் கொடுக்கலாம், இரண்டும் ஒரே இடத்தில் மோதப் போவதில்லை. பிட்ச் ஒன்றுக்கு ‘வீச்சு’, பிட்சருக்கு ‘வீச்சாளர்’, வகைகளுக்கு வேகவீச்சு, வளைவீச்சு, சேஞ்சப்புக்கு ‘தாமத வீச்சு’. பிட்சிங் உத்தி முழுவதற்கும் ‘வீச்சு உத்தி’. அடுத்தடுத்து எதை எங்கே என்று திட்டமிடுவதை மட்டும் தனியே குறிக்க ‘வீச்சு வரிசை’. வியூகம் என்ற சொல்லைச் சிலர் விரும்புவார்கள். அது படையை அணிவகுத்து நிறுத்துவது. பிட்சருக்கான மண்மேட்டில் தனி ஆளாக நிற்கிறவருக்கு உத்தியே பொருத்தம். கிராமத்து ஆட்டங்களில் அணி பிரிக்க உத்தி பிரித்தவர்களுக்கு அந்தச் சொல் விளையாட்டுக்கு அந்நியமாகவும் தோன்றாது.

இதெல்லாம் எழுத்துக்கு. பேச்சில் நம்மிடம் இதைவிட நெருக்கமான வினை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. தெருவில் யாரும் ‘பந்தை வீசு’ என்று சொல்வதில்லை, ‘பால் போடு’ என்பார்கள். கோலம் போடுகிறோம், அடித்தளம் போடுகிறோம், இலையில் சோறு போடுகிறோம். இடத்தில் வைப்பது, எறிவது, பரிமாறுவது மூன்றும் போடு என்ற ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன. 1845இன் பிட்சருக்கும் இன்றைய பிட்சருக்கும் அது சமமாகப் பொருந்தும். கேமில் இருவர் பேசிக்கொள்ளும்போது ‘உள்ள ஒரு ஃபாஸ்ட் போட்டு, வெளிய ஸ்லோவா போடு’ என்றால் போதும். கட்டுரையில் அதையே ‘உள்வேகவீச்சைத் தொடர்ந்து வெளிப்புறத் தாமத வீச்சு’ என்று எழுதலாம். கிரிக்கெட் பிட்ச்சுக்கு ‘ஆடுதளம்’ இருக்கிறது, அதை இதனுடன் கலக்க வேண்டியதில்லை.