சோலைவரியில் பஸ் ஓடுமா?

கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் போனில் பேசும்போது, "எங்க வீட்டு வரியிலதான் இங்க பஸ்ஸே ஓடுது" என்று பெருமையாகவோ எரிச்சலாகவோ சொல்வது வழக்கம். அவர்கள் சொல்லும் 'ப்ராப்பர்ட்டி டாக்ஸ்' நமக்குத் தெரியாத சாமான் இல்லை. ஹட்டன் டவுனிலோ பண்டாரவளையிலோ சொந்தமாகக் கடையோ வீடோ வைத்திருப்பவர் வருடா வருடம் கட்டுகிறாரே, அந்தச் சோலைவரிதான்.

பேச்சில் பாதிப்பேர் 'அசெஸ்மென்ட்' என்பார்கள். நகரசபை, பிரதேச சபை போன்ற உள்ளூர்ச் சபையின் நோட்டீஸில் 'மதிப்பீட்டு வரி' என்றோ 'ஆதனவரி' என்றோ இருக்கும். சிங்களத்தில் 'வரிபனம்', அது வேறொன்றுமில்லை, நம்முடைய வரிப்பணமேதான், அங்கே போய்க் குடியேறிவிட்டது. இப்போது கவுண்டரில் நாமும் அதைச் சிங்கள உச்சரிப்பிலேயே சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறோம்.

'அசெஸ்' என்பதன் வேர் லத்தீன். பக்கத்தில் உட்காருவது என்று பொருள். நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னவர்தான் முதலில் 'அசெஸர்'. பிறகு யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தீர்மானிப்பவருக்கு அந்தப் பெயர் போனது. பிரிட்டிஷ்காரர்கள் எழுதிவைத்த நம் உள்ளூராட்சிச் சட்டங்களில் இந்த வரிக்கு இன்னொரு பெயர் உண்டு, 'ரேட்'. அதுவும் லத்தீன்தான்: கணக்குப் பார்த்துப் பிரித்த பங்கு. 1601இல் இங்கிலாந்தில் ஏழைகளைப் பராமரிக்க ஊருக்கு ஊர் வசூலித்த தொகைக்கு 'ரேட்' என்றுதான் பெயர். ஊருக்கு ஒரு பொதுச்செலவு, அதை அவரவர் வீட்டு மதிப்புக்கு ஏற்பப் பங்கு போடுவது, அவ்வளவுதான் விஷயம். நம்முடைய 'மதிப்பீட்டு வரி'யில் மதிப்பீடு இருக்கிறது, இந்தப் பங்கு போடும் சங்கதி மட்டும் விடுபட்டுப்போய்விட்டது. தமிழுக்கும் இந்த வரி புதிதல்ல; சோழர் கல்வெட்டுகளிலேயே 'மனையிறை' வருகிறது. இறை என்றால் வரி, வரியில்லாத நிலம் இறையிலி.

சரி, கணக்கு எப்படி? வாசல் நிலையில் சின்னதாக ஓர் இலக்கத் தகடு அடித்திருக்கிறதே, அந்த இலக்கத்துக்கு எதிரே சபையின் பதிவேட்டில் ஒரு வருடப் பெறுமதி இருக்கும். அது வீட்டை விற்றால் கிடைக்கும் விலை அல்ல, வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன வரும் என்ற மதிப்பு. உதாரணத்துக்கு அது 60,000 ரூபா, சபை விதித்தது 8 வீதம் என்று வையுங்கள், வரி 4,800. நாலு காலாண்டாகக் கட்டினால் தடவைக்கு 1,200. முழுவதையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு, 4,320 போதும். ஜனவரிக் கடைசியில் சபையில் கியூ நிற்பது இதற்காகத்தான்.

இந்தப் பணம் தெருவிளக்கு, குப்பை, வடிகான், பொதுச் சந்தை என்று போகிறது. பஸ்ஸுக்குப் போவதில்லை. கனடாவின் வான்கூவரில் போகிறது, அங்கே போக்குவரத்து அதிகாரசபைக்குப் பயணக் கட்டணம், எரிபொருள் வரி ஆகியவற்றோடு வீட்டு வரியிலும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் இன்னும் வெளிப்படை: பஸ்ஸுக்கென்றே தனி வரி, அதை மக்கள் வாக்குப்போட்டு ஏற்க வேண்டும். அதற்குப் பெயர் 'மில்லேஜ்', மில் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது வரிக்குரிய மதிப்பில் ஆயிரம் டொலருக்கு ஒரு டொலர். டெட்ராயிட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ளவும் வழி இருந்தது. பஸ் ஓர் ஊரில் நின்று ஏற்றும், அடுத்த ஊரில் நிற்காமலே போகும். ஓக்லண்ட் கவுண்டியில் 2022இல் மாவட்டம் முழுவதும் வாக்கெடுத்துத்தான் அந்தக் கூத்து முடிவுக்கு வந்தது.

இலங்கையில் 1958 ஜனவரி 1இல் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டதிலிருந்து பஸ் என்பது கொழும்பு விவகாரம். இன்றைக்கும் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) மத்திய அரசிடம், மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்குப் பெர்மிட் மாகாண அதிகாரசபையிடம். உள்ளூர்ச் சபையின் பங்கு பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டோடு முடிந்துவிடும்.

'ப்ராப்பர்ட்டி டாக்ஸ்' என்பதைத் தமிழில் எழுதுகிறவர்கள் பலர் 'சொத்து வரி' என்றே போட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அது சரி. இங்கே 2023இலிருந்து சர்வதேச நாணய நிதிய ஒப்பந்தத்தை ஒட்டி நாடு முழுவதற்கும் ஒரு சொத்து வரி வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதால், அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆட்கள் அதைத்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், சபை வாங்குவதற்குச் சோலைவரி போதும், எல்லோருக்கும் புரிகிறது. பஸ்ஸுக்கென்று ஒதுக்கியதைப் 'போக்குவரத்துச் சோலைவரி' என்றும், மில்லை 'ஆயிரத்துக்கு ஒன்று' என்றும் எழுதலாம்.

ஆனால் மலையகத்தில் அப்படி ஒன்றைப் போட்டால் யார் கட்டுவது? ஹட்டனில் புறப்படும் பொகவந்தலாவை பஸ் டிக்கோயாவோடு நகரசபை எல்லையைத் தாண்டி நோர்வூட் என்று பிரதேச சபைப் பக்கம் போய்விடும். பிரதேச சபைகளில் கட்டடங்கள் நெருங்கிய இடம் என்று அறிவித்த பகுதிக்குத்தான் சோலைவரி. தோட்டக் காணிக்கு ஏக்கர் வரி, அதுவும் வாடகைப் பெறுமதியைப் பார்த்து அல்ல, பரப்பளவைப் பார்த்து. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் இருப்பவருக்கு வீடும் சொந்தமில்லை, வாசலில் இலக்கத் தகடும் இல்லை, ஆனால் அந்த பஸ்ஸில் காலையில் நெருக்கிக்கொண்டு ஏறுவதில் பெரும்பாலானோர் அவர்கள்தான். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தும்வரை தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிப்பதற்கே சட்டச் சிக்கல் இருந்தது. ஆகவே இங்கே பங்கு பிரிப்பதென்றால் டவுன் கடைக்காரரிடம் போவதற்கு முன் ஏக்கர் வரியைத்தான் திறந்து பார்க்க வேண்டும், அதைக் கட்டுவது தோட்டக் கம்பனி.