கடிகாரத்தைப் பாருங்கள், ரேட்டிங்கை அப்புறம் பார்க்கலாம்

என்னிடம் செஸ் கற்றுக்கொள்ள வரும் பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே புகாரோடு வருகிறார்கள். "சார், ஆயிரக்கணக்குல பிளிட்ஸ் ஆடிட்டேன், ரேட்டிங் நகரவே மாட்டேங்குது. நல்ல ஓப்பனிங் ஏதாவது சொல்லிக் குடுங்க." பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு போனை எடுத்து பிளிட்ஸ், அதாவது ஆளுக்கு மூன்று நிமிட வேக ஆட்டம் ஆடுகிறவர்கள். இவர்களில் நிஜமாகவே ஓப்பனிங்கால், அதாவது தொடக்க மூவ்களால் தோற்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் கேட்பது கடைசியாகத் தோற்ற சில ஆட்டங்களை. அதிலும் முதலில் பார்ப்பது காய்களை அல்ல, ஒவ்வொரு மூவுக்கும் எத்தனை விநாடி போனது என்பதை. லீசெஸ் என்ற செஸ் தளத்தில் ஆட்டம் முடிந்து அனாலிசிஸ் பக்கத்துக்குப் போனால் மூவ் நேரங்களைக் கம்பி கம்பியாகக் காட்டும் வரைபடம் இருக்கிறது. செஸ்.காமிலும் மூவுக்குப் பக்கத்திலேயே நேரம் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் இந்த விஷயத்தைப் பார்த்தவர்கள் அபூர்வம். எல்லோரும் இன்ஜின், அதாவது ஆட்டத்தை அலசும் மென்பொருள், சிவப்பில் காட்டும் தவறுகளுக்கு நேராகப் போய்விடுகிறார்கள்.

ஓர் உதாரணம். வங்கியில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர்; வெள்ளையில் எப்போதும் லண்டன் சிஸ்டம்தான் ஆடுவார். டி4, பிஷப் எஃப்4, இ3, சி3 (எழுத்தும் எண்ணும் பலகையின் கட்டத்தைக் குறிக்கும்) என்று கை தானாகப் போக வேண்டிய ஓப்பனிங் அது. மூன்று நிமிட ஆட்டத்தில் எதிராளி ராணியை பி6-க்குக் கொண்டுவந்து பி2 சிப்பாயைத் தாக்கினார். நம்மவர் அங்கே 31 விநாடி யோசித்தார். லண்டன் ஆடுபவருக்கு இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை வரும் நிலை அது! அடுத்து, 14-ஆவது மூவில் ஒரு காயைத் திரும்ப வெட்ட வேண்டும், வேறு வழியே இல்லை. அதற்கு 9 விநாடி. கடைசியில் 24-ஆவது மூவ். எதிராளி யானையை டி வரிசைக்குக் கொண்டுவந்தார். நம்மவர் ஒன்றரை விநாடியில் ராணியை நகர்த்தினார். டி3-ல் காவலில்லாமல் நின்ற பிஷப் போயிற்று, ஆட்டமும் போயிற்று.

இன்ஜினைக் கேட்டால், 24-ஆவது மூவ் பெரிய தவறு என்று மட்டும் சொல்லும். கடிகாரம் முழுக் கதையையும் சொல்கிறது. மனப்பாடமாக இருக்க வேண்டிய இடத்தில் யோசித்தார், யோசிக்கவே தேவையில்லாத இடத்திலும் யோசித்தார், யோசிக்க வேண்டிய இடத்தில் நேரமில்லை. அமெச்சூர் பிளிட்ஸில் நான் பார்க்கும் தோல்விகளில் பெரும்பகுதி இந்த அச்சில் வார்த்தவைதான்.

கணக்கைப் பாருங்கள். மூன்று நிமிடம் என்றால் 180 விநாடி. ஆட்டம் 40 மூவ் போகும் என்று வைத்துக்கொண்டால் மூவுக்கு நாலரை விநாடி. ஒரே மூவில் 31 விநாடியைக் கொட்டினால் கிட்டத்தட்ட ஏழு மூவின் நேரம் காலி. அதே ஆட்டத்தை மூவுக்கு இரண்டு விநாடி கூடும் 3+2-இல் ஆடினால் 40 மூவில் மொத்தம் 260 விநாடி, மூவுக்கு ஆறரை. வித்தியாசம் இரண்டே விநாடிதான். ஆனால் எதிராளியின் மூவை ஒருமுறை சரியாகப் பார்க்க அது போதும். கற்றுக்கொள்ள நினைப்பவர் 3+0-வை விட்டுவிட்டு 3+2 அல்லது 5+3-க்கு மாறுவது நல்லது. உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பே 3+2-இல்தான் நடக்கிறது. மூவுக்கு மூவ் நேரம் கூட்டித் தரும் கடிகாரத்துக்குக் காப்புரிமை வாங்கியவர் முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர். 1992-இல் தன் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மறுபடி மோதியபோது அதையே பயன்படுத்தினார். ஜெயிக்கும் நிலையில் இருப்பவர் வெறும் நேரப் பற்றாக்குறையால் தோற்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். யானை முழுசாக அதிகமிருந்தும் நேரம் முடிந்து தோற்று, போனைத் தூக்கிப் போட்டவர்கள் ஃபிஷருக்கு நன்றி சொல்லலாம்.

சரி, அந்த 31 விநாடியை எப்படி மீட்பது? தோற்ற ஆட்டங்களில் முதல் பத்து மூவுக்குள் எங்கே பத்து விநாடிக்கு மேல் போனதோ, அந்த நிலையை மட்டும் எடுத்து ஒரு பதில் முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். முழு ஓப்பனிங் புத்தகம் வேண்டாம். அந்த மாணவருக்கு நாங்கள் எழுதியது இதுதான்: கறுப்பு ராணி பி6-க்கு வந்தால், நம் ராணியை பி3-இல் எதிரே நிறுத்துவது. அவர் வெட்டினால் நாம் ஏ சிப்பாயால் திரும்ப வெட்டலாம், ஏ1 யானைக்கு வரிசை திறக்கும். அவர் சி4 என்று சிப்பாயைத் தள்ளினால் ராணி சி2-க்குப் போகும். இங்கே ஒரு கண்ணி உண்டு. கறுப்பு இன்னும் இ6 ஆடாமல் இருந்தால், பிஷப்பை எஃப்5-இல் கொண்டுவந்து வைப்பார். இனாமாகக் கிடக்கிறதே என்று ராணியால் வெட்டினால் கறுப்பு ராணி பி2-இல் இறங்கும். நம் குதிரை இன்னும் பி1-இலேயே இருந்தால் ஏ1 யானைக்குத் தப்பிக்க வழி கிடையாது. அதனால் வெட்டாமல் ராணியை சி1-க்கு நகர்த்திவிட வேண்டும். இவ்வளவுதான், நாலு வரி. அடுத்த முறை அந்த நிலை வந்தபோது மூன்று விநாடியில் தாண்டினார்.

இந்த மாதிரி நாலு வரிக் குறிப்பு இருபது சேர்ந்தால் அதுவே உங்கள் ஓப்பனிங் புத்தகம். யூடியூபில் பார்த்த நாற்பது நிமிட வீடியோவைவிட மேல், ஏனென்றால் உங்கள் எதிராளிகள் நிஜமாக ஆடும் மூவ்கள் இவை.

மீட்ட நேரத்தை எங்கே செலவழிப்பது என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு மூவுக்கும் முன்னால் எதிராளி கடைசியாக நகர்த்திய காயைப் பார்த்து இரண்டு கேள்வி: இப்போது இது எதைத் தாக்குகிறது? முன்பு எதைக் காத்துக்கொண்டிருந்தது? முதல் கேள்வி உங்கள் காயைக் காப்பாற்றும். இரண்டாவது கேள்விதான் காசு; எதிராளியும் அவசரத்தில் எதையோ காவலில்லாமல் விட்டுத்தான் நகர்ந்திருப்பார். இரண்டு விநாடி வேலை இது. ஆனால் வேகமாக ஆடும்போது பழகவே முடியாது. மெதுவாக ஆடிப் பழகியது மட்டும்தான் வேகத்தில் கைக்கு வரும். வாரத்துக்கு இரண்டு ஆட்டமாவது 15+10 ஆடச் சொல்வது அதற்காகத்தான். மூவுக்கு அரை நிமிடத்துக்கும் மேல் கிடைக்கும். "அவ்ளோ நேரம் என்ன சார் பண்றது?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியிலேயே நோய் தெரிந்துவிடுகிறது.

இங்கே ஒருவர் தவறாமல் ஆனந்தை இழுப்பார். ஆனந்த் சிறுவனாக மெட்ராஸில் சோவியத் கலாச்சார மையத்தின் தால் செஸ் கிளப்பில் பிளிட்ஸ் ஆடி வளர்ந்தவர்தானே, தோற்றவர் எழுந்து இடம் கொடுக்க வேண்டும் என்பதால்தானே அவ்வளவு வேகம் வந்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே காலத்தில் அவர் நீண்ட நேர டோர்னமென்ட்களையும் விடாமல் ஆடினார். 1983-இல் தேசிய சப்-ஜூனியர் பட்டத்தை 9-க்கு 9 எடுத்து ஜெயித்தார். பிளிட்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு, அந்த 9-க்கு 9-ஐ விட்டுவிட்டால் எப்படி?

புதிர்கள் பற்றி என் கருத்து கொஞ்சம் பழைய பாணி. மூன்று நிமிடத்தில் எத்தனை புதிர் என்று ஓடும் பசில் ஸ்டார்மைவிட, நேர வரம்பில்லாமல் முதல் தவறோடு முடிந்துபோகும் பசில் ஸ்ட்ரீக் தொடக்கத்துக்கு நல்லது. அதுவும் கஷ்டமான புதிர் வேண்டாம். லீசெஸ்ஸில் தலைப்பு வாரியாகப் புதிர் எடுக்கலாம். காவலில்லாத காய், ஒரே காய் இரண்டைத் தாக்கும் ஃபோர்க், கடைசி வரிசை மேட் ஆகிய மூன்றும் பார்த்த மாத்திரத்தில் கண்ணில் படும் அளவுக்கு வந்தாலே அமெச்சூர் மட்டத்தில் ஆட்டம் வேறு மாதிரி ஆகிவிடும்.

ப்ரீமூவ் தனிக் கதை. எதிராளி ஆடும் முன்பே நம் மூவைப் போட்டு வைப்பது. லீசெஸ்ஸில் ஒன்றுதான் போட்டு வைக்கலாம், நேரமே செலவாகாது. செஸ்.காமில் வரிசையாகப் பல போடலாம், ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு பங்கு விநாடி கழியும். திரும்ப வெட்டும் மூவுக்கு இதைத் தைரியமாகப் போடலாம். எதிராளி அங்கே வெட்டாவிட்டால் அந்தக் கட்டத்தில் நம் காயே நிற்கும். நம் காயை நாமே வெட்ட முடியாது என்பதால் ப்ரீமூவ் தானாக ரத்தாகிவிடும். ஆபத்து ஓப்பனிங்கில் இருக்கிறது. வெள்ளை டி4, கறுப்பு ஜி6. அடுத்து பிஷப்பை ஜி7-இல் வைக்கத்தானே போகிறோம் என்று ப்ரீமூவ் போட்டு வைக்கிறார்கள். இதைத் தெரிந்த எதிராளி தன் பிஷப்பை நேராக எச்6-இல் வைக்கிறார். சும்மா வெட்டியிருக்கலாம். ஆனால் ப்ரீமூவ் பிஷப்பை ஜி7-க்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அவர் ஜி7-இல் வெட்டுகிறார், அடுத்து மூலையில் இருக்கும் யானையையும் தின்னப் போகிறார். மூன்றாவது மூவிலேயே முடிந்தது கதை.

கடைசி பத்து விநாடிக்கு ஒரு விஷயம் கையில் இருக்க வேண்டும்: ராணியும் ராஜாவும் வைத்துத் தனி ராஜாவை மேட் செய்வது. சரியாக ஆடினால் பத்து மூவுக்குள் முடியும். ஆனால் பதற்றத்தில் ஸ்டேல்மேட் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம். எளிய வழி, எதிரி ராஜாவிலிருந்து குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் ராணியை வைப்பது. அவர் எந்தப் பக்கம் நகர்கிறாரோ, ராணியும் அதே பக்கம் நகர வேண்டும். கட்டம் சுருங்கிச் சுருங்கி ராஜா ஓரத்துக்குப் போய்விடுவார். அவர் மூலைக்குள் புகுந்ததும் ராணியை அப்படியே நிறுத்திவிட வேண்டும். மூலையில் இருக்கும் ராஜாவுக்குக் குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் ராணி வந்தால் ஸ்டேல்மேட். ராஜா ஏ8-இல் இருக்கும்போது ராணி பி6-க்கோ சி7-க்கோ போனால், செக்கும் இல்லை, போக இடமும் இல்லை, டிரா. அதனால் அங்கிருந்து ராணியைத் தொடாமல் நம் ராஜாவைக் கூட்டி வர வேண்டும். மாணவர்களை இதைக் கம்ப்யூட்டரோடு தினமும் இரண்டு முறை செய்யச் சொல்வேன். போர் அடிக்கும்தான்.

இன்ஜின் விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். ஆட்டம் முடிந்த உடனே அந்தப் பொத்தானை அழுத்தக் கூடாது. எங்கே திரும்பியது என்று முதலில் நீங்களே ஒரு மூவைக் குறித்துவிட்டு, அப்புறம் இன்ஜினைக் கேளுங்கள். குகேஷை கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா இன்ஜின் பக்கமே விடவில்லை என்பது செஸ் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். ஆட்டத்துக்கு நடுவில் இன்ஜினைத் திறப்பவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தளங்கள் கண்டுபிடித்துக் கணக்கை மூடிவிடும்.

இனி ரேட்டிங். தளங்கள் உங்களுக்குச் சமமானவர்களைத்தான் தேடிக் கொடுக்கின்றன. அதனால் நன்றாக ஆடினாலும் பாதிக்குப் பாதி தோற்கத்தான் செய்வீர்கள். பாதி வாய்ப்பு என்றால் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்பதற்கு 32-இல் ஒரு பங்கு வாய்ப்பு; நூறு ஆட்டம் ஆடினால் அப்படி ஒரு தொடர் வராமல் இருப்பதுதான் ஆச்சரியம். ஆட்டத்துக்கு ஏழெட்டுப் புள்ளி என்றால் ஒரே ராத்திரியில் நாற்பது புள்ளி போய்விடும். உங்கள் திறமை அப்படியேதான் இருக்கிறது. அதை மீட்டுவிட்டுத்தான் தூக்கம் என்று உட்காரும்போதுதான் நிஜமான சேதம். அப்படி உட்கார்ந்து ஆடிய ஆட்டங்களின் நேர வரைபடத்தைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்: எல்லா மூவும் ஒரு விநாடி, ஒன்றரை விநாடி. மூன்று நிமிட ஆட்டத்தில் இரண்டு நிமிடம் மீதம் வைத்துக்கொண்டு தோற்றிருப்பார்கள்.

என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி: அடுத்தடுத்து இரண்டு தோல்வி என்றால் அன்றைக்கு பிளிட்ஸ் முடிந்தது. வேண்டுமானால் புதிர் போடலாம். இதைக் கடைப்பிடிக்க முடியாதவர்கள் லீசெஸ் செட்டிங்ஸில் ரேட்டிங்கை மறைக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். எதிராளியின் எண்ணும் தெரியாது, நம்முடையதும் தெரியாது. அப்படியே கடைசி வரிசையைத் தொடும் சிப்பாய் தானாக ராணியாகும் வசதியும் ஆனில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்; இல்லாவிட்டால் கடைசி மூன்று விநாடியில் எந்தக் காய் வேண்டும் என்று போன் கேட்டுக்கொண்டு நிற்கும்.