டில்லர் கையைப் பிடுங்குகிறதா? பாய்மரத்தை முடுக்குமுன் பார்க்க வேண்டியவை

பாய்ப்படகில் காற்று ஏற ஏற டில்லர் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) கையைப் பிடுங்கும். விட்டால் படகின் முகப்பு காற்றை நோக்கித் திரும்பும். இதுதான் வெதர் ஹெல்ம். கொஞ்சம் இருப்பது நல்லதே. டில்லரைக் கைவிட்டாலும் படகு காற்றுமுகமாகித் தணிந்துவிடும். சுக்கான் 3 முதல் 5 டிகிரி திரும்பியிருந்தால் போதும். 10 டிகிரியை எட்டினால் அது பிரேக் போலாகிவிடும். அளக்க ஸ்கேல் போதும்: 1 மீட்டர் நீள டில்லரின் நுனி நடுக்கோட்டிலிருந்து 9 செ.மீ. விலகினால் 5 டிகிரி, 17 செ.மீ. என்றால் 10.

பலரும் உடனே பாய்மரத்தின் பின்சாய்வைக் குறை சொல்வார்கள். மெல்லிய காற்றில் சாதுவாக இருந்து, பலத்த காற்றில் மட்டும் முரண்டு பிடிக்கும் படகில் அது அநேகமாகக் காரணமில்லை. படகு சாயும்போது பாய்கள் பக்கவாட்டில் நீர்மேல் வெளியே போகின்றன. அவற்றின் தள்ளுவிசை முகப்பைக் காற்றுப்பக்கம் திருப்புகிறது. ஆகவே முதல் வேலை படகின் சாய்வைக் குறைப்பது. கீல் (அடியில் நீளும் கனத் தகடு) உள்ள படகு 20 டிகிரிக்கு மேல் சாயவேண்டாம். ஆட்களைக் காற்றுப்பக்கம் உட்கார வையுங்கள். டிராவலரை (மெயின் பாயின் கயிற்றைப் பக்கவாட்டில் நகர்த்தும் அமைப்பு) காற்று போகும் பக்கம் இறக்குங்கள்.

அடுத்தது மெயின் பாயை (மரத்துக்குப் பின்னுள்ள பெரிய பாய்) தட்டையாக்குவது. அவுட்ஹாலை (பாயின் கீழ்ப்பின் மூலையை இழுக்கும் கயிறு) இழுங்கள். ஹால்யார்டையோ (பாயை ஏற்றும் கயிறு) கன்னிங்ஹாமையோ (பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு) இறுக்கினால் பின்னுக்கு ஓடிய பாயின் குழிவு முன்னே வரும். பேக்ஸ்டேயை (மரத்தைப் பின்னிருந்து தாங்கும் கம்பி) இறுக்கினால் ஃபோர்ஸ்டேயின் (முன்னிருந்து தாங்கும் கம்பி) தொய்வு குறைந்து ஜிப்பும் (முன்பாய்) தட்டையாகும். இத்தனைக்கும் அடங்காவிட்டால் மெயினை ரீஃப் செய்யுங்கள், அதாவது அதன் பரப்பைச் சுருக்குங்கள். ஜிப்பை மட்டும் சுருட்டி, மெயினை முழுதாக விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு; அது தள்ளுவிசையை இன்னும் பின்னுக்குக் கொண்டுபோகும். தையலும் துணியும் தளர்ந்த பழைய பாய்க்கு எந்தக் கயிறும் பதிலாகாது.

தூக்கி மடக்கும் சுக்கான் என்றால், அலகு முழுதாக இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னே சரிந்த அலகும் டில்லரைக் கனக்க வைக்கும். அதைப் பாயின் குற்றமாக நினைத்து ஏமாறுவது உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும், மிதமான காற்றில் நிமிர்ந்து ஓடும்போதே இழுத்தால், பாய்மரத்தை முன்னே கொண்டுவரலாம். காற்றில்லாத நாளில், கரையில் கட்டிய படகில், மெயின் ஹால்யார்டில் எடை தொங்கவிட்டு, அது ஆடாமலிருக்க நீர்வாளியில் மூழ்கவையுங்கள்; பூம் (மெயின் பாயின் அடிக்கட்டை) உயரத்தில் மரத்துக்கும் கயிற்றுக்கும் உள்ள இடைவெளியைக் குறியுங்கள். 10 மீட்டர் மரத்தில் 1 டிகிரி என்றால் உச்சியில் சுமார் 17 செ.மீ. முதலில் ஜிப் ஹால்யார்டை முகப்பில் கட்டி மரத்தைத் தாங்கவையுங்கள். பேக்ஸ்டேயைத் தளர்த்தி, ஃபோர்ஸ்டே டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கும் திருகு) இரண்டிரண்டு சுற்றாக முடுக்குங்கள். பக்கக் கம்பிகள் பின்சாய்ந்தவை என்றால் அவற்றையும் சமமாகத் தளர்த்த வேண்டும். திருகு கழலாதபடி பின்களை மாட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். டில்லர் எதிர்ப்பக்கம் இழுத்தால் முடுக்கியது அதிகம். ஒரு சுற்றுத் தளர்த்துங்கள்.