விரல் அங்கேதான் போகும்: வெளிச்சத்தில் பாடும் கருவியை வீட்டில் செய்பவர்களுக்கு

போன மாதம் ஒரு மாணவனின் அப்பா போன் செய்தார். "சார், நீங்க சொல்லிக்கொடுத்த அந்த லைட் பட்டா கத்துற சர்க்யூட்டைப் பையன் வீட்டுலயும் செஞ்சுட்டான். பேட்டரி தீர்ந்துபோச்சு. பழைய போன் சார்ஜர் வயரை வெட்டிக் கொடுத்தேன், நல்லா வேலை செய்யுது. ஆனா தொட்டா லேசா சுர்ருங்குதுன்னு சொல்றான்."

"முதல்ல சுவிட்சை அணைச்சுப் பிளக்கைப் பிடுங்குங்க. அப்புறம் பேசலாம்" என்றேன்.

எலக்ட்ரானிக்ஸ் லேபில்தான் என் வேலை. விடுமுறை நாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்ன சர்க்யூட் கட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். அதில் பிள்ளைகள் வீட்டுக்குப் போயும் விடாமல் செய்து பார்ப்பது இந்த ஒன்றைத்தான். கையைக் கருவிக்கு மேலே கொண்டுபோய் வெளிச்சத்தை மறைத்தால் சுருதி இறங்கும், விலக்கினால் ஏறும். ரஷ்யாவில் லியோன் தெரெமின் 1920 வாக்கில் உருவாக்கிய கருவியையும் தொடாமல்தான் வாசிப்பார்கள். அதில் கைக்கும் ஆன்டெனாவுக்கும் இடையிலுள்ள மின்தேக்குத்திறன் சுருதியை மாற்றும். இதில் கையின் நிழல் மாற்றுகிறது.

சர்க்யூட்டின் மையத்தில் இருப்பது 555 என்ற எட்டுக் கால் ஐசி, அதாவது ஒரு சின்ன சிப். ஹான்ஸ் கமன்சிண்ட் 1971ல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்தது, 1972ல் கடைக்கு வந்தது, இன்றும் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். அது செய்வது ஒரே வேலை. ஒரு கெப்பாசிட்டரைக் குடம்போல நிரப்பும், சப்ளை வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் திறந்துவிடும், மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி நிரப்பும். ஒரு நொடியில் எத்தனை தடவை நிரம்பி வடிகிறதோ அதுதான் நமக்குக் கேட்கும் சுருதி. குழாயை எவ்வளவு திறப்பது என்பதை எல்டிஆர், அதாவது வெளிச்சம் பட்டால் தடை குறையும் ரெசிஸ்டர், பார்த்துக்கொள்கிறது. நல்ல இருட்டில் அதன் தடை 10 லட்சம் ஓம் பக்கம் போகும், வெயிலில் சில நூறு ஓமுக்கு வந்துவிடும்.

இணைப்பு இப்படி. ஐசியின் கால்களைத்தான் பின் என்கிறோம். 8ம் 4ம் பின்கள் பிளஸ்ஸுக்கு, 1ம் பின் மைனஸுக்கு. 2ஐயும் 6ஐயும் சேர்த்துவிடுங்கள். பிளஸ்ஸிலிருந்து 7க்கு ஒரு 1 கே ரெசிஸ்டர், கே என்றால் ஆயிரம் ஓம். 7க்கும் 6க்கும் நடுவே எல்டிஆர். 6லிருந்து மைனஸுக்கு 104 என்று எழுதிய கெப்பாசிட்டர், அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். 3ம் பின்னிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர், அடுத்து 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், அதன் பிளஸ் கால் ஐசி பக்கம், பிறகு 8 ஓம் ஸ்பீக்கர், அதன் மறுமுனை மைனஸுக்கு. அந்த 100 ஓமை விட்டுவிடாதீர்கள். 555ன் அவுட்புட் தாங்குவது 200 மில்லி ஆம்பியர்தான். அது இல்லாமல் 8 ஓம் ஸ்பீக்கரை நேராகக் கொடுத்தால் ஐசி சுடத் தொடங்கும்.

இப்படியே விட்டால் சத்தம் வரும், சங்கீதம் வராது. எல்டிஆரின் வீச்சு மிகப் பெரியது. இருட்டில் நொடிக்கு ஏழு முறை டிக் டிக் என்று தட்டும், வெயிலில் 7,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கீச்சென்று கத்தும். அதனால் எல்டிஆருக்கு இணையாக ஒரு 47 கே, அந்த ஜோடிக்குத் தொடராக ஒரு 4.7 கே போடச் சொல்கிறேன். கணக்குப் போட்டால் இருட்டில் சுமார் 140 ஹெர்ட்ஸ், நல்ல வெளிச்சத்தில் சுமார் 1,300 ஹெர்ட்ஸ். மூன்று ஸ்தாயிக்குக் கொஞ்சம் மேல். கைக்கு அடங்கும் வீச்சு இது, காதுக்கும் இதமானது. நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 3,000, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். அந்த இடத்தில் 555 தரும் சதுர அலையின் அடிப்படைச் சுருதியைக் கொண்டுபோய் நிறுத்தாமல் இருப்பது நல்லது. இரண்டு ரெசிஸ்டரையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். 47 கே என்றால் மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. 4.7 கே என்றால் மஞ்சள், ஊதா, சிவப்பு. டியூப்லைட் வெளிச்சத்தில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றுபோல்தான் தெரியும். மல்டிமீட்டரில் அளந்துவிட்டுச் சொருகுங்கள்.

இனி அந்த சார்ஜர் விஷயம்.

அடுத்த ஞாயிறு அவர் அதை எடுத்துக்கொண்டு வந்தார். பெயர் இல்லாத சார்ஜர். உடைத்துப் பார்த்தோம். 230 வோல்ட் ஓடும் பக்கத்துக்கும் 5 வோல்ட் வெளியே வரும் பக்கத்துக்கும் நடுவே போர்டில் 2 மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லை. நல்ல சார்ஜரில் சுமார் 6 மில்லிமீட்டர் விட்டிருப்பார்கள், பலவற்றில் போர்டையே அந்த இடத்தில் வெட்டி வைத்திருப்பார்கள். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் இடத்தில் ஒய் வகைக் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும். பழுதானாலும் ஷார்ட் ஆகிவிடாதபடி தயாரிக்கப்படுவது அது. இதிலோ சாதாரண டிஸ்க் கெப்பாசிட்டர் இருந்தது. அது ஒருநாள் ஷார்ட் ஆகியிருந்தால் பையன் தொட்ட வயரில் வீட்டுக் கரண்ட் வந்திருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நல்ல சார்ஜரிலும் மிகச் சிறிய கசிவு உண்டு, சில சமயம் சுர்ரென்று தெரியும். ஆகவே அந்தச் சுர்ரை மட்டும் வைத்து ஒரு சார்ஜர் நல்லதா கெட்டதா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது போன் சார்ஜ் செய்வதற்குச் சரி. இந்தக் கருவிக்கு அதையும் வேண்டாம் என்பேன்.

ஏன் இவ்வளவு கறார்? போனுக்கு உறை இருக்கிறது. இங்கே பிரெட்போர்டில், அதாவது பற்றவைக்காமல் கம்பிகளைச் சொருகும் துளைப் பலகையில், எல்லாக் கம்பியும் வெளியே தெரிகிறது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கையை மேலே ஆட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளை ஐந்தாவது நிமிடத்தில் எல்டிஆரின் இரண்டு காலையும் விரலால் தொடும். தொட்டதும் சுருதி ஏறும். தோலும் ஒரு ரெசிஸ்டர்தானே. அழுத்திப் பிடித்தால் இன்னும் ஏறும், ஈர விரல் என்றால் இன்னும் அதிகம். இதைக் கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! அப்புறம் வெளிச்சத்தை மறந்துவிட்டு எச்சில் தொட்டு வாசிக்கும். என் வகுப்பில் இது நடக்காத நாளே இல்லை. தொடாதே என்று சொல்லித் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அந்த விரலில் ஒரு பாடமே இருக்கிறது. விரல் அங்கே போகும் என்று தெரிந்துகொண்டு, அது போகும்போது சுவர் பிளக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரியவர்கள் வேலை.

பேட்டரி செலவு அதிகம் என்பார்கள். 9 வோல்ட் சதுர பேட்டரி சீக்கிரம் தீரும், உண்மைதான். நான்கு பென்டார்ச் செல்லை ஹோல்டரில் போட்டு 6 வோல்ட் கொடுங்கள். 555க்கு 4.5 வோல்ட்டே போதும். சுருதியும் மாறாது. நிரம்புவதும் வடிவதும் சப்ளையில் இத்தனை பங்கு என்று நடப்பதால் வோல்டேஜ் குறைந்தாலும் நேரம் ஏறக்குறைய அதேதான். சத்தம் மட்டும் கொஞ்சம் குறையும், வீட்டுக்கு அது நல்லது. லேப்டாப்பிலிருந்து கழற்றிய லித்தியம் செல்லை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பிரெட்போர்டில் ஒரு கம்பி தவறினால் பென்டார்ச் செல் சூடாகும், லித்தியம் செல் தீப்பிடிக்கலாம்.

அடுத்தது காது. அக்கம்பக்கத்தில் தொந்தரவு என்று ஸ்பீக்கரைக் கழற்றி இயர்போனை மாட்டுகிறார்கள். அதே 100 ஓம் வழியாக 6 வோல்ட்டில் 32 ஓம் இயர்போனுக்குப் போவது சுமார் 10 மில்லிவாட். பல இயர்போன்கள் 1 மில்லிவாட்டிலேயே 100 டெசிபல் பக்கம் வந்துவிடும். தொழிலாளர்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். என் வகுப்பில் ஒருமுறை நான் திரும்புவதற்குள் ஒரு பெண் இயர்போனை மாட்டிவிட்டாள். சாயங்காலம் வரை காதுக்குள் கிய்யென்று இருக்கிறது என்றாள். அன்றிலிருந்து இயர்போன் ஜாக்கை நான் கிட்டில் வைப்பதே இல்லை. சத்தம் குறைய வேண்டுமானால் 100 ஓமுக்குப் பதில் 470 ஓம் போட்டு ஸ்பீக்கரிலேயே கேளுங்கள்.

திருவிழாக் கடையில் விற்கும் லேசர் லைட்டால் எல்டிஆரைத் தூரத்திலிருந்து குறிபார்ப்பதும் வேண்டாம். எல்டிஆரின் பளபளப்பான முகத்தில் பட்டுத் திரும்பிக் கண்ணில் விழும். டார்ச் போதும். எல்டிஆரில் காட்மியம் இருக்கிறது, அதை உடைத்துப் பார்க்கவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது.

வாசிக்கும்போது கவனித்துப் பாருங்கள். எல்டிஆர் வெளிச்சத்துக்குச் சட்டென்று பதில் சொல்லும், இருட்டுக்கு மெதுவாகத்தான் சொல்லும். கையைச் சட்டென்று மூடினால் சுருதி விழாது, இழைந்து இறங்கும். கமகத்துக்குப் பழகிய காதுக்கு அந்த இழைவு பிடித்துப்போகும். கறுப்பு சார்ட் பேப்பரை 3 சென்டிமீட்டர் உயரக் குழாயாகச் சுருட்டி எல்டிஆர் மேல் வைத்தால் பக்கவாட்டு வெளிச்சம் மறைந்து கை சொல்வது தெளிவாகக் கேட்கும். மலிவான எல்இடி பல்புக்குக் கீழே வாசித்தால் குரல் கரகரவென்று இருக்கும். அது சர்க்யூட்டின் பிழை இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல்பு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது, கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கலைத்தான் எல்டிஆர் பாடிக் காட்டுகிறது. ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துக்கு நகர்ந்தால் குரல் தெளிந்துவிடும்.

அந்தப் பையனிடம் இப்போது நான்கு செல் ஹோல்டர் இருக்கிறது. வாசித்து முடித்ததும் ஒரு கம்பியைக் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன், இல்லையென்றால் ஸ்பீக்கரைக் கழற்றி வைத்தாலும் 555 சில மில்லி ஆம்பியரைக் குடித்துக்கொண்டே இருக்கும். 9 வோல்ட் பேட்டரி வைத்திருப்பவர்கள் கிளிப்பைக் கழற்றிய பிறகு அதன் தலையில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். இரண்டு முனையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் சாவியும் சில்லறையும் கிடக்கும் டப்பாவில் போட்டால் ஷார்ட் ஆகிச் சுடும்.