அலர்ட் வராத இரவு

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை இரவு, என் ஃபோன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. காலையில் எழுந்து, சரி, நேற்று கிளஸ்டர் (எங்கள் மென்பொருள்கள் ஓடும் சர்வர்களின் கூட்டம்) ஒழுங்காக ஓடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காபி போடப் போனேன். ஏழு மணிக்கு வாடிக்கையாளர் கூப்பிட்டார்: ராத்திரி இரண்டு மணியிலிருந்து பில் போட முடியவில்லை.

போய்ப் பார்த்தால், ஏதோ ஒரு சர்வீஸ் லாக் (வேலைப் பதிவு) எழுதி எழுதியே ஒரு நோடின், அதாவது கிளஸ்டரில் இருக்கும் ஒரு சர்வரின், டிஸ்க்கை நிரப்பி வைத்திருந்தது. டிஸ்க்கில் காலியிடம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால், கிளஸ்டரை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ், வழக்கமான அமைப்பில், அந்த நோடிலிருந்து பாட்களை (சர்வீஸ்கள் ஓடும் சின்னப் பொட்டலங்களை) வெளியேற்ற ஆரம்பித்துவிடும். அப்படி வெளியேற்றப்பட்டதில் பில்லிங் சர்வீஸ் இருந்தது. அதைக் கண்காணிக்க வேண்டிய புரோமிதியஸும், எங்களை எழுப்ப வேண்டிய அலர்ட்மேனேஜரும் கூடவே இருந்தன. அவற்றை ஏற்க மற்ற நோடுகளில் மெமரி போதவில்லை, எல்லாம் பெண்டிங்கில் நின்றன. எதுவுமே பிரச்சினை இல்லாத இரவும், எல்லாமே செத்துப்போன இரவும் என் ஃபோனுக்கு ஒரே மாதிரிதான் இருந்தன.

மானிட்டரிங் அமைக்கும்போது கிராஃபனாவில் (அளவுகளை வரைபடமாகக் காட்டும் கருவி) அழகான டாஷ்போர்டு போடுவதில்தான் பெரும்பாலோர் நேரம் செலவழிக்கிறோம். நேரத்தைக் கேட்கிற இடம் வேறு என்பது என் கருத்து. அலர்ட் வராமல் இருப்பதற்கு என்னென்ன காரணம் இருக்க முடியும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதற்கு இந்தக் கருவிகள் உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும்.

புரோமிதியஸ் 2012-ல் பெர்லினில், சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்தது. கூகுளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், அங்கே இருந்த போர்க்மான் என்ற கருவியை மனதில் வைத்து எழுதினார்கள். இதன் அடிப்படை ஏற்பாடு ரொம்ப எளிது. ஒவ்வொரு சர்வீஸும் தன் கணக்கை ஒரு சாதாரண எழுத்துப் பக்கமாகத் திறந்து வைக்கிறது, ஒரு வரிக்கு ஒரு அளவு. புரோமிதியஸ் 15 அல்லது 30 விநாடிக்கு ஒருமுறை தானே போய் அதைப் படித்துக்கொண்டு வருகிறது. பாட்கள் நிமிஷத்துக்கு ஒன்று பிறந்து செத்துக்கொண்டிருக்கும் இடத்தில், யாரைப் போய்ப் படிப்பது? அந்தப் பட்டியலைக் குபெர்னெட்டிஸிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறது.

ஒரு வரியை மட்டும் எடுத்துப் பார்ப்போம். இதுவரை வந்த கோரிக்கைகள் 48,213 என்று இருக்கிறது. 15 விநாடி கழித்து 48,363. வித்தியாசம் 150, அதாவது விநாடிக்கு 10. சர்வீஸ் எப்போதும் மொத்தத்தை மட்டும்தான் சொல்கிறது, வேகத்தைக் கணக்குப் போடுவது புரோமிதியஸின் வேலை. நடுவில் ஒரு தடவை படிக்க முடியாமல் போனாலும் அடுத்த தடவை மொத்தம் கிடைத்துவிடும், எண்ணிக்கை தொலைந்து போகாது. பாட் ரீஸ்டார்ட் ஆகி எண் திடீரென்று 20 என்று வந்தால், குறைந்துவிட்டதே, அப்படியானால் புதிதாக எண்ண ஆரம்பித்திருக்கிறது என்று தானாகவே புரிந்துகொள்கிறது. இந்த யோசனை எனக்கு இன்றும் பிடித்த ஒன்று.

நேரில் போய்ப் படிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. போன இடத்தில் பதில் வராவிட்டால், அதுவே ஒரு தகவல். ஒவ்வொரு இலக்குக்கும் 'அப்' என்று ஒரு எண்ணைப் புரோமிதியஸே எழுதி வைக்கிறது: பதில் வந்தால் 1, வராவிட்டால் 0. அது 0 ஆனால் அலர்ட் அடி என்று ஒரு விதி எழுதிவிட்டால் போதும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

போதாது. பட்டியலிலிருந்தே அந்தப் பாட் காணாமல் போய்விட்டால் 'அப்' 0 ஆகாது, அந்த வரியே இல்லாமல் போய்விடும். புரோமிதியஸின் அலர்ட் விதி என்பது ஒரு கேள்வி. அதற்கு விடையாக ஏதாவது அளவு வந்தால் அலர்ட், எதுவுமே வராவிட்டால் அமைதி. இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்டாலும் விடை வெறுமைதான். புரோமிதியஸ் ஆபரேட்டர் (குபெர்னெட்டிஸில் புரோமிதியஸையும் அலர்ட்மேனேஜரையும் நிர்வகிக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்: எந்தச் சர்வீஸைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் சர்வீஸ்மானிட்டரில், அதை அடையாளம் காட்டும் 'ரிலீஸ்' லேபிளை விட்டுவிட்டாலோ தப்பாகப் போட்டாலோ, அந்தச் சர்வீஸ் பட்டியலுக்குள் வரவே வராது, எந்தப் பிழைச் செய்தியும் கண்ணில் படாது, நாமும் அதைக் கண்காணித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்போம்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அலர்ட் அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாட் மொத்தமாகப் போய்விட்டால், கேள்விக்கு விடை வெறுமையாகி, 'சரியாகிவிட்டது' என்று பச்சை நிறத்தில் மெசேஜ் வரும். ராத்திரி மூன்று மணிக்கு அதைப் பார்த்தால் யாரும் திரும்பப் படுத்துவிடுவார்கள். பிழை விகிதம் கணக்கிடும் விதியிலும் இதே கதைதான்: கோரிக்கையே வராவிட்டால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும், அதன் விடை எந்த வரம்பையும் தாண்டாது, அதனால் அலர்ட்டும் வராது. ஆகவே முக்கியமான சர்வீஸ் ஒவ்வொன்றுக்கும், 'இந்த அளவே காணவில்லை' என்று கேட்கும் 'ஆப்சென்ட்' விதி ஒன்றைத் தனியாக எழுதி வையுங்கள்.

அதே நேரம், அலர்ட் அதிகமாக வந்தாலும் கடைசியில் யாரும் பார்க்காத நிலைதான். ஒரு நோடு விழுந்தால் அதிலிருந்த 40 பாட்களுக்கும் 40 மெசேஜ் வந்தால், நாற்பத்தொன்றாவதை யாரும் படிக்க மாட்டார்கள். அதனால்தான் அலர்ட்மேனேஜர் என்று தனியாக ஒன்று நடுவில் நிற்கிறது. முதல் அலர்ட் வந்ததும் உடனே அனுப்பாமல் 30 விநாடி பொறுத்து, அதே குழுவில் வருவதையெல்லாம் ஒரே மெசேஜாகக் கட்டுகிறது. அந்தக் குழுவில் புதிதாக ஏதாவது சேர்ந்தால் 5 நிமிடம் கழித்து, மாற்றமே இல்லாவிட்டால் 4 மணி நேரம் கழித்து மறுபடி சொல்கிறது. இவை முன்னிருப்பு அளவுகள், பெரும்பாலான இடங்களுக்கு இதுவே சரியாக இருக்கும்.

அப்புறம், முதலில் சொன்ன இரவு. அலர்ட்மேனேஜரே விழுந்துவிட்டால் யார் சொல்வது?

ராத்திரியில் தெருவில் ரோந்து வரும் கூர்க்கா விசில் ஊதிக்கொண்டே போவார். விசில் கேட்டால், ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். கேட்காத அன்றுதான் எழுந்து பார்க்க வேண்டும். வாட்ச்டாக் என்ற அலர்ட் அதே வேலையைச் செய்கிறது. அதன் விதியில் எப்போதும் 1 என்றுதான் விடை வரும், அதனால் அது இரவும் பகலும் அடித்துக்கொண்டே இருக்கும். அதைக் கிளஸ்டருக்கு வெளியே இருக்கும் ஒரு சேவைக்கு அனுப்பி, ஐந்து நிமிடம் அது வராவிட்டால் எங்களைக் கூப்பிடு என்று சொல்லி வைக்க வேண்டும். வெளியே என்பது முக்கியம், உள்ளே வைத்தால் அதுவும் சேர்ந்து விழும்.

இவை எல்லாவற்றையும் ஒரே கட்டாக நிறுவித் தரும் பிரபலமான ஹெல்ம் சார்ட்டில் நிறுவினால் வாட்ச்டாக் தானாகவே வந்துவிடும். ஆனால் நாம் மாற்றும்வரை அது எங்கும் போகாத வெற்றுப் பெறுநருக்கே போய்க்கொண்டிருக்கும், எங்கள் கிளஸ்டரிலும் அப்படித்தான் கிடந்தது. இன்னொன்று: மறுபடி அனுப்பும் இடைவெளியை மட்டும் 1 நிமிடமாகக் குறைத்தால் வேலை செய்யாது. குழு இடைவெளி 5 நிமிடமாகவே இருக்கும்வரை அதற்குள் எதுவும் போகாது, இரண்டையும் குறைக்க வேண்டும்.

எல்லாம் மாற்றிவிட்டு ஒரு சனிக்கிழமை மதியம் சோதித்துப் பார்த்தோம். அலர்ட்மேனேஜரின் பாட்களை ஓட்டும் ஸ்டேட்ஃபுல்செட்டில் பாட் எண்ணிக்கையை 0 ஆக்கினால் ஆபரேட்டர் அடுத்த நொடியே பழையபடி எழுப்பிவிடுகிறது, அதனால் ஆபரேட்டர் பார்த்து நடக்கும் அலர்ட்மேனேஜர் ரிசோர்ஸிலேயே 0 போட்டுவிட்டு, ஃபோனை மேஜையில் வைத்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். ஆறாவது நிமிடம் அடித்தது.