ஆர்செட்டி பயிற்சி: சான்றிதழோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள்

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கிராமத்தவர்களுக்கான ஆர்செட்டி இலவசத் தொழில் பயிற்சியில் வாங்கிய சான்றிதழை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். தையல் பயிற்சி, ஒரு மாதம், முதல் வகுப்பு. வீட்டில் தையல் மெஷின்தான் இல்லை. பயிற்சி முடிந்ததும் லோன் வரும் என்று சொன்னார்களாம், வங்கிக்கு நாலு தடவை போனாராம், அஞ்சாவது தடவை போக வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டாராம். "பயிற்சி முடிஞ்சதுக்கு அப்புறம் யாராவது வந்து பார்த்தாங்களா அக்கா?" என்று கேட்டேன். "எதுக்கு வரணும்?" என்று திருப்பிக் கேட்டார்.

வர வேண்டும். இரண்டு வருடம் தொடர்ந்து வழிகாட்ட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருக்கிறது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அந்தக் கோபத்தில்தான்.

முதலில் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம், பேச்சு வழக்கில் ஆர்செட்டி. 1982-இல் கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து ஆரம்பித்த முயற்சியைப் பார்த்து, பின்னால் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் நாடு முழுக்கக் கொண்டுவந்தது. உங்கள் மாவட்டத்தின் முன்னோடி வங்கி (மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருக்கும் வங்கி) எதுவோ, பெரும்பாலும் அந்த வங்கிதான் நடத்தும். பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். தையல், அழகுக்கலை என்றால் ஒரு மாதத்தை ஒட்டி வரும், அப்பளம் ஊறுகாய் மசாலாப்பொடி, மாடு வளர்ப்பு, காளான் போன்றவை பத்து நாள் அளவில் முடிந்துவிடும். ஆண்களுக்கும் உண்டுதான், ஆனால் வகுப்பில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பெண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, உள்ளே நுழைவதில் என்ன சிக்கல்? முதல் சிக்கல் ரேஷன் கார்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத்தான் என்று சொல்லி, கார்டில் 'முன்னுரிமையற்றது' என்று இருப்பதைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். பல பேர் அத்தோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஏறாதீர்கள். நூறு நாள் வேலை அட்டை இருக்கிறதா, மகளிர் குழுவில் இருக்கிறீர்களா, ஊராட்சியின் மக்கள் நிலை ஆய்வுப் பட்டியலில் (ஊரில் ஏழைக் குடும்பங்களைக் கண்டறிந்து எழுதிய பட்டியல்) உங்கள் குடும்பத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தால் அதன் ஜெராக்ஸை நீட்டுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன்: பயிற்சி பெறுபவர்களில் குறைந்தது 70 சதவீதம் கிராமப்புற ஏழைக் குடும்பத்தவராக இருக்க வேண்டும் என்பதுதான் விதி, நூறு சதவீதமும் அல்ல. மீதி இடம் யாருக்கு என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. "குழுவில் இல்லையா, அப்போ கிடையாது" என்பார்கள். குழுவில் இருந்தால் வேலை சுலபம், ஆனால் அது கட்டாயம் கிடையாது. வயது விஷயத்தில், 18 முடிந்திருக்க வேண்டும். மேல் வரம்பு நெடுங்காலம் 45 என்றே இருந்தது, இப்போது வரும் அறிவிப்புகளில் 50 வரைகூடப் போட்டிருக்கிறார்கள். சுவரில் இருக்கும் பழைய போர்டைக் காட்டினால், இந்த பேட்ச்சின் அறிவிப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

கல்யாணமாகி வந்த பெண்களுக்குத் தனிச் சங்கடம். ஆதாரில் அம்மா வீட்டு முகவரி, ரேஷன் கார்டில் மாமியார் வீடு, பாஸ்புக்கில் மூன்றாவதாக ஒரு இனிஷியல். பயிற்சியில் சேரும்போது இதை யாரும் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள், லோன் கேட்கும்போது வங்கியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். பயிற்சிக்குப் பெயர் கொடுத்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய் முகவரியைச் சரிசெய்யக் கொடுத்துவிடுங்கள். லோன் கேட்கும் நேரத்துக்குள் வந்துவிட வாய்ப்பு உண்டு.

அடுத்தது, எந்தப் பயிற்சி. தையல் பேட்ச்சுக்கு ஆள் குறைகிறது என்று மாடு வைத்திருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. ஊராட்சியில் சொன்னார்கள், குழுத் தலைவி சொன்னார், தட்ட முடியவில்லை என்பார்கள். தட்டுங்கள். உங்கள் பெயர் ஆதார் எண்ணோடு பதிவாகிவிடும். நாளைக்கு உங்களுக்கு வேண்டிய பால் பண்ணைப் பயிற்சி வரும்போது "நீங்கதான் ஏற்கெனவே எடுத்துட்டீங்களே" என்ற பதில் வரலாம். அடுத்தவர் கணக்குக்காக உங்கள் வாய்ப்பைச் செலவழிக்காதீர்கள்.

முடிந்தால் ஒரு தோழியோடு சேர்ந்து போங்கள். பஸ்ஸுக்குத் துணை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அகமதாபாத்தில் பெண் தொழிலாளர்களுக்கான சேவா வங்கியில் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு இரண்டு நாள் தொழில் பயிற்சி கொடுத்து ஒரு ஆய்வு நடந்தது, சிலரைத் தனியாகவும் சிலரைத் தோழியோடும் வரச் சொன்னார்கள். தோழியோடு வந்தவர்கள்தான் அதற்குப் பிறகு அதிகமாகக் கடன் வாங்கித் தொழிலில் போட்டிருந்தார்கள். வீட்டில் "உனக்கெதுக்கு இதெல்லாம்" என்று கேட்கும்போது பக்கத்துத் தெருவில் இன்னொருத்தியும் செய்கிறாள் என்பது எவ்வளவு பெரிய பலம் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பத்து நாளில் முறுக்கு சுடக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, நம் பெண்களுக்கு அது தெரியும். தெரியாதது கணக்கு. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா கிலோ 200 ரூபாய்க்கு முறுக்கு விற்றுக்கொண்டிருந்தார். அரிசி, உளுந்து, எள், எண்ணெய் எல்லாம் சேர்த்து 150, ஆக லாபம் 50 என்று சந்தோஷமாக இருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்த பயிற்சியாளர் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினார்: கேஸ் 15, கவர் 10, கடைக்குப் போய்வரும் பஸ் செலவில் கிலோவுக்கு 10, உடைந்து வீட்டுப் பிள்ளைகள் தின்றது 8. மிச்சம் ஏழு ரூபாய். இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்றதற்கு ஏழு ரூபாய். அந்த அம்மா ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் கால் கிலோ பாக்கெட்டாக, வேறு விலையில் போட ஆரம்பித்தார். வகுப்பறையில் விலை நிர்ணயம் என்று ஒரு மணி நேரப் பாடம் இவருக்கும் நடந்ததுதான், ஆனால் தன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் கணக்கைப் போட்டுக் காட்டியபோதுதான் உறைத்தது.

அந்த இரண்டு வருடத் தொடர் வழிகாட்டல் என்று சொல்வது இதைத்தான். இதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும், தானாக நடக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். கடைசி நாளன்று சான்றிதழும் குரூப் போட்டோவும் முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்குப் போகும் நேரத்தில், உங்கள் ஊருக்குப் பொறுப்பான பயிற்றுநர் யார், அவர் போன் நம்பர் என்ன, முதல் தடவை எப்போது வருவார் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்தும் யாரும் வரவில்லை என்றால் நீங்களே கூப்பிடுங்கள். அவர்களுக்கும் கணக்கு உண்டு: பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் தொழில் தொடங்கினார்கள் என்று மேலே காட்ட வேண்டும். அதற்காகச் சில சமயம் கடைக்கு முன்னால் உங்களை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து, 'தொழில் தொடங்கிவிட்டார்' என்று பதிந்துவிட்டுப் போய்விடுவார்கள். அண்ணன் கடை முன்னால் நின்றெல்லாம் போட்டோ கொடுக்காதீர்கள். அப்படிப் பதிவானால் உங்களைத் திரும்பி வந்து பார்க்க யாருக்கும் அவசரம் இருக்காது. உண்மையில் தொடங்கவில்லை என்றால், லோன் வராததால் தொடங்கவில்லை என்றே எழுதச் சொல்லுங்கள்.

லோன் விஷயத்தில் பெரிய ஏமாற்றம் இதுதான்: பயிற்சியை நடத்துவது ஒரு வங்கி, கடன் கொடுக்கப்போவது உங்கள் ஊருக்கான கிளை. இது வேறு வங்கியாகவே இருக்கலாம். பயிற்சி நிறுவனத்தில் "பேங்க்ல கேளுங்க" என்பார்கள், பேங்கில் "பயிற்சி குடுத்தவங்ககிட்டயே கேளுங்க" என்பார்கள். நடுவில் ஓடுவது நீங்கள். பயிற்சி முடிவதற்குள்ளேயே விண்ணப்பத்தை எந்தக் கிளைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று கேளுங்கள், அனுப்பிய கடிதத்தின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளையில் வாய்வார்த்தையாகப் பேசிவிட்டு வரவே வராதீர்கள். விண்ணப்பத்தைக் கொடுத்து, தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சிறு தொழில்களுக்கு 25 லட்சம் வரையிலான கடன் விண்ணப்பங்களில் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, நாள் எண்ணத் தொடங்குவதற்கு அந்தச் சீட்டுதான் ஆதாரம். சிறு தொழிலுக்கு குறைந்தது 10 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பதும் விதி. "ஒரு எஃப்டி போட்டுடுங்க, மாமனார் பேர்ல பத்திரம் இருக்கா" என்று கேட்டால், அதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் சில மேனேஜர்களின் குரல் மாறுவதை நான் பக்கத்தில் நின்றே பார்த்திருக்கிறேன். ஆனால் பழைய குழுக்கடன், நகைக்கடன், போனுக்குப் போட்ட இஎம்ஐ ஏதாவது தவறியிருந்தால் சிபிலில், அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில், வந்து நிற்கும். கணவரின் கடனுக்கு நீங்கள் ஜாமீன் போட்டிருந்தாலும் அப்படித்தான். விண்ணப்பிக்கும் முன்னாலேயே அதைப் பார்த்துவிடுங்கள்.

மானியம் எதிர்பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, இதில் ஏமாந்தவர்கள் நிறைய. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீதம், நகரத்துப் பெண்களுக்கு 25 சதவீதம் மானியம் உண்டு, கையிலிருந்து 5 சதவீதம் போட்டால் போதும். ஆனால் அது புதிய தொழிலுக்கு மட்டும்தான். லோன் தாமதமாகிறதே என்று வட்டிக்கு வாங்கி ஆரம்பித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து மானியத்துக்குப் போனால், ஏற்கெனவே நடக்கும் தொழில் என்று தள்ளிவிடுவார்கள். அந்த மானியமும் கையில் வராது, வங்கியிலேயே மூன்று வருடம் உங்கள் பெயரில் கிடந்து, அப்புறம்தான் கடனில் கழியும். நடுவில் தொழில் நின்றால் அதுவும் போச்சு. ஆகவே மானியத்துக்குப் போவதா, முத்ரா என்ற சிறுதொழில் கடன் திட்டத்தில் 50 ஆயிரத்துக்குள் சிறிதாக வாங்கி உடனே ஆரம்பிப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மிகச் சிறிய தொழிலுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

உத்யம் என்ற சிறுதொழில் பதிவுக்கு அரசு தளத்தில் கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். கூகுளில் தேடினால் முதலில் வருவது அரசு தளம் மாதிரியே இருக்கும் தனியார் பக்கமாக இருக்கலாம், அது பணம் கேட்கும். முகவரி gov.in என்று முடிகிறதா பாருங்கள். பயிற்சியில் இடம் வாங்கித் தருகிறேன், லோன் பாஸ் செய்து தருகிறேன் என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்பவர் யாராக இருந்தாலும், உறவுக்காரராகவே இருந்தாலும், கொடுக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நகரவில்லையா? கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள், அதில் முன்னோடி வங்கி மேலாளர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பதவியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். 'எனக்கு உதவி செய்யுங்கள்' என்று மொட்டையாக எழுதினால் அது எங்கெங்கோ சுற்றும். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை, விவரம் கேட்க 14448. அந்த அக்காவின் மனுவை நாங்கள் போன வாரம் இப்படித்தான் எழுதினோம். ஒப்புகைச் சீட்டை லேமினேட் செய்யட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள் என்றேன்.